தீபாவளி வெடிச் சத்தம்: இயர் பிளக்கா, இயர் மஃபா, ஊரை விட்டே கிளம்புவதா?

எனக்கு ஆட்டிசம். தெருமுனையில் அந்த வருடத்தின் முதல் வெடி கேட்ட நாளிலிருந்து, தூக்கத்தில்கூட உடம்பு விறைத்தே கிடக்கும். "ரெண்டு நாள்தானே, காதைப் பொத்திக்கோ" என்பார்கள். சத்தத்தைவிட, அது எந்த நொடியில் வரும் என்று தெரியாமல் காத்துக் கிடப்பதுதான் ஆளைக் கொல்லும். அதை வைத்துத்தான் இவற்றை எடை போடுகிறேன்.

ஃபோம் இயர் பிளக் மலிவு, மருந்துக்கடையிலேயே கிடைக்கும். 30 டெசிபல் வரை குறைக்கும் என்று உறையில் போட்டிருக்கும், ஆனால் சரியாகச் செருகினால்தான். மெல்லிய திரிபோல விரலால் உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரிந்து காதை அடைக்கும்வரை அரை நிமிடம் விரலை எடுக்கக் கூடாது. தீபாவளி விடியலில் இதற்கு எதிரி எண்ணெய்க் குளியல். காதில் நல்லெண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் வழுக்கி வெளியே வந்துவிடும். அதனால் நான் முந்தின ராத்திரியே செருகிக்கொண்டு படுத்து, காலை வெடி அடங்கிய பிறகுதான் தலைக்கு எண்ணெய் வைக்கிறேன். முதல் வருடம் அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை, இப்போது அவரே எனக்காக எண்ணெயைத் தனியாக எடுத்து வைக்கிறார்.

காதுக்குள் எதுவும் போவது பிடிக்காதவர்களுக்கு இயர் மஃப், அதாவது ஹெட்போன் மாதிரி வெளியிலிருந்து காதை முழுக்க மூடும் கவசம். தொழிற்சாலைப் பாதுகாப்புச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள். நொடியில் மாட்டலாம், அந்த அழுத்தமே எனக்கு ஆறுதல். மூக்குக்கண்ணாடியின் காம்பு தடிமனாக இருந்தால் மட்டும் இடுக்கு வழியாகச் சத்தம் நுழையும். பிளக்கின் மேல் இதையும் போட்டால் இரண்டு மடங்கு குறையாது, சுமார் 5 டெசிபல்தான் கூடும். ஆனால் 4 மீட்டர் தூரத்தில் வெடிச் சத்தம் 125 டெசிபல் வரை இருக்கச் சட்டமே அனுமதிக்கிறது என்னும்போது அந்த ஐந்தையும் நான் விடமாட்டேன்.

நாய்ஸ் கேன்சலிங் ஹெட்போனை இதற்காக மட்டும் வாங்காதீர்கள். ஃபேன், பஸ் இன்ஜின் மாதிரி ஒரே சீரான இரைச்சலுக்குத்தான் அது கெட்டிக்காரன், திடீர் வெடியிடம் திணறும்.

ஊரை விட்டுப் போவதா? சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் வேட்டங்குடி சரணாலயப் பறவைகளுக்காகப் பல ஆண்டுகளாகவே வெடி வைப்பதில்லை. நினைத்தாலே எனக்குக் கண் கலங்கும். ஆனால் பண்டிகைக் கூட்டத்தில் பஸ் ஸ்டாண்டு ஹாரன்களைத் தாண்டி அங்கே போய்ச் சேர்வதற்குள் நான் பாதி ஆளாகிவிடுவேன். அந்தப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் நாலு நாள் முன்னாலேயே போய்விடுங்கள்.

2018-இல் உச்ச நீதிமன்றம் தீபாவளிக்கு வெடி வெடிக்க இரண்டு மணி நேரம்தான் என்றது, தமிழ்நாட்டில் காலை 6-7, மாலை 7-8 என்று வகுத்தார்கள். அதை ஊரே கடைப்பிடித்தால் மேலே சொன்ன எதுவுமே இவ்வளவு தேவைப்படாது. எங்கள் தெருவில் அது நடக்கவில்லை.

அப்புறம்தான் எதிர்வீட்டு அண்ணனிடம் போய்க் கேட்டேன்: "அண்ணே, சரவெடி பத்த வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு மிஸ்டு கால் குடுங்க." செலவே இல்லாத இதற்குத்தான் என் முதல் ஓட்டு. கையில் போன் அதிரும், மஃபை மாட்டுவேன், பத்து எண்ணுவதற்குள் வெடிக்கும். அதே ஆயிரம் வாலாதான், ஆனால் நெஞ்சு அடைக்கவில்லை. போன தீபாவளிக்குப் பதினான்கு மிஸ்டு கால். ஒன்பதரைக்குக் கடைசியாக அவரே கூப்பிட்டுப் பேசினார்: "முடிஞ்சுது தம்பி, கழட்டிடு."