டர்போ போச்சு என்று சொன்னதும் தலையாட்டாதீர்கள்: பழைய ஆக்டேவியா ஆர்எஸ் வைத்திருப்பவர்களுக்கு

பாலக்காடு, சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பழைய டர்போ (புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. காரணம் கடைசியில் இருக்கிறது.

வண்டி ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1.8 லிட்டர், இருபது வால்வு, டர்போ, 150 குதிரைத்திறன். 2004-இல் இங்கே விற்பனைக்கு வந்தபோது இந்த விலையில் இப்படி ஓடுகிற கார் வேறு கிடையாது. இன்றைக்கும் வாளையார் தாண்டி நெடுஞ்சாலையில் மூன்றாவது கியரில் மிதித்தால் சீட்டோடு சேர்த்து அழுத்தும். அந்த வண்டிதான் போத்துண்டி அணை தாண்டி நெல்லியாம்பதி ஏற்றத்தில் மூவாயிரம் ஆர்பிஎம்முக்கு மேல் ஏறமாட்டேன் என்று நின்றது. ஐடிலில் (மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போது) ஒரு குறையும் இல்லை, டவுனுக்குள் ஓட்டினால் ஒன்றுமே தெரியாது. மிதிக்க மிதிக்கத்தான் மூச்சு முட்டுகிறது. கூடவே லேசாக அழுகிய முட்டை வாடை.

கோவை-பாலக்காடு சாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். ஆசான், அதாவது கடையின் தலைமை மெக்கானிக், ஸ்கேனரை மாட்டினார், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) கம்மியாக வருவதைக் காட்டினார். "டர்போ போயாச்சு அண்ணா, பழைய வண்டியில்லையா" என்றார். டர்போவைக் கழற்றி ரீகண்டிஷன் செய்ததற்கு 38,000 ரூபாய். வண்டி அப்படியேதான் இருந்தது. அடுத்து ஃபியூயல் பம்ப் என்றார்கள். அதுவும் மாற்றியாயிற்று, அதற்குத் தனி பில். பிக்கப் மட்டும் வரவில்லை.

அவர் காட்டிய எண் பொய்யில்லை. ஆக்டேவியாவில் ஸ்கேனரில் 115-ஆம் பிளாக்கை (அளவுகள் காட்டும் பக்கம்) திறந்தால் இன்ஜின் கேட்கிற பூஸ்டும் உண்மையில் வருகிற பூஸ்டும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும். வருவது குறைவாக இருந்தால் டர்போ தேய்ந்திருக்கலாம், ஹோஸ் லீக்காக இருக்கலாம், சைலன்சர் லைனில் புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். டர்போவுக்குள் புகை சுற்றிவிடுகிற சக்கரமான டர்பைனுக்குப் பின்னால் புகை வெளியே போக வழியில்லை என்றால் டர்பைன் எப்படி வேகமாகச் சுற்றும்? புத்தம்புது டர்போ போட்டாலும் அதே எண்தான் வரும். இந்த மூன்றில் எது என்று பிரித்துப் பார்க்காமல் விலை கூடியதில் ஆரம்பித்தார்கள். என் முதல் புகார் அதுதான்.

பிரித்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். இந்த இன்ஜினில் முன்பக்க ஆக்சிஜன் சென்சர் டர்போவுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் இருக்கிறது. அதைக் கழற்றி அந்த ஓட்டையில் பிரஷர் கேஜ் மாட்ட வேண்டும். ஐடிலில் ஒன்றரை பிஎஸ்ஐக்குள், 2,500 ஆர்பிஎம்மில் பிடித்தால் சுமார் மூன்றுக்குள் இருந்தால் பாதை திறந்திருக்கிறது. அதற்கு மேல் ஏறினால் அடைப்பு. கேஜ் இல்லாத கடையா, வேக்யூம் கேஜை இன்டேக்கில் (இன்ஜினுக்குள் காற்று போகும் பாதையில்) மாட்டச் சொல்லுங்கள். 2,500-இல் பிடித்து வைத்தால் முள் அப்படியே நிற்க வேண்டும், மெல்ல மெல்ல இறங்கினால் சந்தேகம் கன்வெர்ட்டர் மேல். சென்சர் ஓட்டையைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்க்கிற பழைய வழியும் உண்டு. பவர் திரும்பி வந்தால் விஷயம் முடிந்தது. ஆனால் அங்கே ஒயரை எரிக்கிற சூட்டில் புகை பீறிட்டு வரும், எனக்கு அது பிடிக்காது. ஸ்கேனரில் பி0420 என்ற கோளாறு கோட் வரவில்லை, அதனால் கன்வெர்ட்டர் நல்லது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தக் கோட் புகையைச் சுத்தம் செய்யும் திறன் குறைந்ததைச் சொல்வது, அடைப்பை அளப்பதில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மூன்றாவது முறை "சைலன்சர் லைனில் அடைப்பு, கெமிக்கல் போட்டு கேட்கான் கிளீன் செய்யலாம்" என்றார்கள். கேட்கான் என்பது அந்தக் கன்வெர்ட்டர்தான். 6,500 ரூபாய். வண்டி பறந்தது! ஆனால் சத்தம் வெறும் தகரக் குழாய் போல மாறியது, நின்றால் பச்சைப் பெட்ரோல் நாற்றம், சில நாளில் செக் இன்ஜின் விளக்கும் எரிந்தது. இப்போது பி0420 வந்துவிட்டது.

கோவையில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் சென்சர் ஓட்டை வழியாகக் குட்டி கேமராவை விட்டுப் பார்த்தார். உள்ளே ஒன்றுமே இல்லை. கன்வெர்ட்டருக்குள் இருக்க வேண்டிய பீங்கான் தேன்கூடு முழுசாகக் காணோம், வெளித்தகரக் கூட்டின் மேல்பக்கம் வெட்டித் திரும்ப வெல்டு வைத்துக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. அந்தத் தேன்கூட்டின் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கும். உடைந்ததைக்கூட எடைக்கு வாங்க ஆள் உண்டு. கடையில் கேட்டேன். "அது தானே பொடியாகி வெளியே போயிடுச்சு அண்ணா" என்றார் ஆசான். தானே போன பொடி கூட்டை வெட்டி வெல்டு வைத்துவிட்டா போகும்?

அதைவிட எரிச்சலான விஷயம், தேன்கூடு ஏன் உருகியது என்று யாருமே பார்க்கவில்லை. இந்த 1.8 டர்போவில் காயில் (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தருவது) போவது ஊரறிந்த வியாதி. ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால், அதாவது பொறி பிடிக்காமல் போனால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிந்து பீங்கானை உருக்கும். 15, 16-ஆம் பிளாக்குகளில் சிலிண்டர் வாரியாக மிஸ்ஃபயர் கணக்கு தெரியும். கோவைக்காரர் பார்த்தபோது மூன்றாவது சிலிண்டரில் எண் ஓடிக்கொண்டே இருந்தது. காயிலை மாற்றினோம், நின்றது. அதை விட்டுவிட்டுப் புதுக் கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதுவும் இதே கதிதான்.

காலிக் கூடோடு ஓட்டலாமே, பவர் நன்றாகத்தானே இருக்கிறது என்று நண்பர்கள் சொன்னார்கள். மோட்டார் வாகனச் சட்டம் 190(2)-இல் புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. தவிர, பின்னால் குழந்தைகளை உட்கார வைத்து அந்த நாற்றத்தில் ஓட்ட எனக்கு மனசில்லை. இந்த வண்டிக்குப் பொருந்துகிற கன்வெர்ட்டர் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இதே வேலை உங்கள் வண்டியில் நடந்திருந்தால் அந்த வெல்டைக் கழற்றும் முன் படம் எடுத்து வையுங்கள், பழைய உதிரிகளைக் கேட்டு வாங்குங்கள். எனக்கு 'கேட்கான் கிளீனிங்' என்று அவர்களே எழுதிக்கொடுத்த பில் இருக்கிறது. அதோடு கேமரா படங்களையும் சேர்த்துப் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கொடுக்கப் போகிறேன். செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அங்கே போகப்போகிற விஷயம் என்பதால்தான் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை.