92,500 ரூபாய்க்கு வந்த ‘486’: பழைய கொம்பியூட்டர் தேடுகிற ஆட்கள் காசு போட முதல் வாசியுங்கள்

92,500 ரூபாய். பஸ் கூலி வேறு. அந்தக் காசுக்கு இப்போது மேசையில் கிடப்பவை: பற்றரி ஒழுகியதைக் கழுவிப் பூசி மறைத்த ஒரு மதர்போட், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டுப் புது எழுத்து அடித்த ஒரு சிப், ஸ்டிக்கர் மாற்றி ஒட்டிய ஒரு பிளொப்பி ட்ரைவ், இவற்றைச் சுமந்துகொண்டு ஒரு தகரப் பெட்டி. யாழ்ப்பாணத்தில் இந்தச் சாமான் தேடுகிற ஆட்கள் ஒரு கைப்பிடிதான். அந்தக் கொஞ்சப் பேராவது தப்ப வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எதை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் வரிசையாகத் தருகிறேன்.

தேவை என்னவென்றால், 5.25 அங்குல பிளொப்பிகளில் கிடக்கும் பழைய தமிழ்க் கோப்புகளை வெளியே எடுப்பது. 3.5 அங்குலம் என்றால் யுஎஸ்பியில் செருகுகிற ட்ரைவ் வாங்கலாம். 5.25க்கு அப்படி ஒன்று கடையில் இல்லை. கிறீஸ்வீசல் மாதிரியான யுஎஸ்பி போட் வாங்கினாலும், அதில் கொழுவப் பழைய ட்ரைவ் ஒன்று வேண்டும். அதனால் முழு மெஷினாகவே எடுப்பம் என்று தேடினால், பாவித்த சாமான் விற்கும் ஒரு விளம்பரத் தளத்தில் இது கிடந்தது: இன்டெல் 486 டிஎக்ஸ்2-66 சிபியு (66 மெகாஹேர்ட்ஸ்), 256 கேபி கேஷ் (றாமை விட வேகமான சின்ன நினைவகம்), 16 எம்பி றாம், 1.2 எம்பி பிளொப்பி ட்ரைவ், பற்றரி கழற்றிய சுத்தமான போட், “ஃபுல் வேர்க்கிங்”. விற்கிற ஆள் கொழும்பில்.

ஆள் கதைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. முதலில் ஊர் விசாரிப்பு, தகப்பன் வடமராட்சி ஆள் என்ற கதை, பிறகு மெதுவாகச் சாமானுக்கு வந்தான். ஒழுகின பற்றரியைப் பற்றிக் கேட்க முதலே தானாகச் சொன்னான்: “பற்றரியை நான் எப்பவோ வெட்டி எடுத்திட்டன் அண்ணை, அது போட்டைத் திண்டிடும்.” போட் படம் கேட்டவுடன் அனுப்பினான், பற்றரி இருந்த இடம் பளிச்சென்று இருந்தது. ஓடுகிற வீடியோவும் வந்தது: றாம் எண்ணுகிறது, 66 மெகாஹேர்ட்ஸ் என்று வருகிறது, கேஷ் 256 என்று வருகிறது, ஏ ட்ரைவில் ஒரு பிளொப்பியைப் போட்டு அதிலுள்ள கோப்புகளின் பட்டியலைக் காட்டுகிறான். கடைசியாக ஒரு வார்த்தை: “நீங்கள் சாமான் தெரிஞ்ச ஆள் அண்ணை. உங்களைப் பேய்க்காட்ட ஏலுமோ?” 45,000 அன்றைக்கே வங்கியில் போட்டாயிற்று. பார்சல் போட்ட பஸ் துண்டின் படம் வந்ததும் மிச்சம் 47,500. மொத்தம் 92,500.

பார்சல் வந்தது. இனி ஒவ்வொன்றாக.

பவர் சப்ளையின் பின்பக்கம் ஒரு சிறிய சிவப்புச் சுவிட்ச் இருக்கும், 115 அல்லது 230. அது 115இல் நின்றது. அப்படியே 230 வோல்ட் பிளக்கில் செருகினால் என்ன நடக்கும் தெரியுமா? 115இல் வைத்தால் உள்ளே இருக்கிற சுற்று மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும். 200 வோல்ட் தாங்குகிற இரண்டு பெரிய கெப்பாசிட்டர்களிலும் தலைக்கு 325 வோல்ட் அளவில் ஏறும். வெடி, புகை, சில வேளை மதர்போட்டும் சேர்ந்து போகும். அந்தச் சுவிட்ச் உள்ளே அமிழ்ந்து இருப்பது, ஸ்குரூ ட்ரைவர் நுனியால் தள்ளினால்தான் நகரும். இலங்கைக் கரண்டில் ஓடின பெட்டி 115இல் நிற்காது. அப்படியென்றால் வீடியோவில் ஓடியது எது?

விடை வீடியோவிலேயே இருந்தது. பழைய மெஷின் தொடங்கும்போது ஸ்கிரீனின் அடியில் எண்ணும் எழுத்தும் கோடுமாக நீளமான ஒரு வரி வரும். அதுதான் பயோஸின், அதாவது மெஷினைத் தொடக்கி வைக்கிற புரோகிராமின், அடையாளம். அதில் பயோஸின் திகதி இருக்கும், சிப்செட் இருக்கும், போட் செய்த நிறுவனத்தின் குறியும் இருக்கும். அவார்ட் பயோஸ் என்றால் திகதி முன்னுக்கு வரும். அமெரிக்கன் மெகாட்ரென்ட்ஸ் என்றால் நடுவில் ஆறு இலக்கமாக வரும். வீடியோவை அந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் திகதி 1993. வந்த போட்டில் 1995, பயோஸ் நிறுவனமே வேறு. படத்தில் காட்டியது ஒரு போட், அனுப்பியது இன்னொன்று.

அனுப்பிய போட்டின் பற்றரி மூலையைப் பாருங்கள். இந்தப் போட்களில் இருப்பது நீல அல்லது பச்சை உறை போட்ட, விரல் கணு அளவு நிக்கல் கட்மியம் பற்றரி, 3.6 வோல்ட். சார்ஜ் ஆகி ஆகி வயது போக, உள்ளே இருக்கிற காரம் ஒழுகும். ஒழுகினால் முதலில் போவது பக்கத்தில் இருக்கிற கீபோட் சொக்கெட்டும் கீபோட் கொன்ட்ரோலர் சிப்பும்தான். அந்த இடத்தில் எங்களுடைய ஆள் பச்சை லக்கர் பூசியிருக்கிறான். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் மற்ற இடம் மங்கலாகவும் அந்த மூலை மட்டும் மினுமினுப்பாகவும் தெரியும். மறுபக்கம் திருப்பினால் ஈயம் வைத்த இடமெல்லாம் சாம்பல் பிடித்து, துளைகளின் வாயில் பச்சை. பூச்சுக்குக் கீழே செப்புக்கோடு கறுத்துப் போய், இரண்டு கோடு அறுந்தே விட்டது. பூசின பிறகும் காரம் உள்ளே தின்றுகொண்டேதான் இருக்கும். முதலில் வினாகிரி வைத்துக் காரத்தை முறித்து, தண்ணீரால் கழுவி, ஐசோபுரோப்பைல் அல்கஹோலால் துடைத்துக் காய விட்டு, அறுந்த கோட்டுக்கு மெல்லிய வயர் வைத்து ஈயம் பிடித்தால் பிழைக்கும். லக்கரை உரித்து அதையெல்லாம் செய்த பிறகுதான் போட் உயிர் பெற்றது. அந்த வேலைக்கு 92,500 ஏன்?

கேஷ். இதுதான் உச்சம். 90களின் நடுவில் சில மலிவு 486 போட்களில் பொய்க் கேஷ் வந்தது. உள்ளே ஒன்றும் இல்லாத பிளாஸ்டிக் சிப்பை ஈயம் வைத்து ஒட்டி, “ரைட் பேக்” என்று மேலே அடித்து, பயோஸையும் மாற்றி 256 என்று காட்டவைத்தார்கள். பழைய காருக்கு மீற்றர் சுத்தி விற்கிற அதே வேலை. நிஜமான 256 கேபி என்றால் சாதாரணமாக 32 கேபி சிப் எட்டு, அதோடு கேஷில் எது கிடக்கிறது என்று குறித்து வைக்கிற டாக் சிப் ஒன்று, ஆக ஒன்பது. ஒவ்வொன்றும் 28 கால், பெரும்பாலும் சொக்கெட்டில் இருக்கும், சிப்பில் நிறுவனப் பெயரும் 15 அல்லது 20 என்று வேகமும் இருக்கும். பொய்ச் சிப்பின் காலிலிருந்து செப்புக்கோடு எங்கேயும் போகாது. போட்டைத் திருப்பிப் பார்த்தாலே தெரியும். ஸ்கிரீனில் வருகிற 256ஐ நம்பக்கூடாது. டொஸ்ஸில் கேஷ்செக் என்ற சிறிய புரோகிராமை ஓட்டினால் உண்மை வரும்: 8 கேபி வரைக்கும் ஒரு வேகம், அது சிபியுவுக்கு உள்ளே இருக்கிற கேஷ். அதற்குப் பிறகு 256 வரை இன்னொரு படி இருக்க வேண்டும். வந்த போட்டில் 8ஐத் தாண்டினதும் நேரே றாம் வேகத்துக்கு விழுந்துவிட்டது.

சிபியு. படத்தில் ஹீட் சிங்க் ஒட்டியிருந்தது, எழுத்துத் தெரியாது. வந்ததிலும் அப்படியே. மெதுவாகச் சூடாக்கிக் கழற்றினால் கீழே டிஎக்ஸ்2-66 என்று வடிவான எழுத்து, வடிவு கொஞ்சம் கூடிப்போன எழுத்து. இன்டெல் லொட் எண்ணில் முதல் எழுத்து தொழிற்சாலை, அடுத்த இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், அதற்கடுத்த இரண்டும் வாரம். இதில் வருடம் 1, அதாவது 1991. டிஎக்ஸ்2 வெளிவந்ததே 1992இல்! எழுத்து அடித்தவனுக்கு அது தெரியவில்லை. அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்தால் எழுத்துப் போனது. இதில் ஒரு கவனம்: அசிட்டோன் பட்டால் சில நல்ல சிப்பிலும் எழுத்து மங்கும். பார்க்க வேண்டியது எழுத்துக்குக் கீழே இருக்கிற பரப்பை. நல்ல செரமிக் எல்லா இடமும் ஒரே மாதிரிச் சொரசொரப்பாக இருக்கும். இதில் ஒரே பக்கமாக ஓடுகிற உரஞ்சல் கோடுகள். தெரிந்தவர் ஒருவரின் நல்ல போட்டில் போட்டு போட்டின் வேகத்தை மாற்றுகிற ஜம்பரை 33 மெகாஹேர்ட்ஸில் வைத்து ஓட்டினால் சூடேறி நிற்கிறது, 25இல் ஒழுங்காக ஓடுகிறது. டிஎக்ஸ்2 போட்டின் வேகத்தைப் போல இரட்டிப்பில் ஓடும்; 25இன் இரட்டிப்பு 50. டிஎக்ஸ்2-50ஐ 66 ஆக்கியிருக்கிறார்கள்.

கடைசியாக ட்ரைவ், முக்கியமாக வேண்டியிருந்த சாமான். முகப்பில் 1.2 என்று ஸ்டிக்கர். மேல் தகட்டு லேபலில் டியாக் எஃப்டி-55பிஆர். அது 360 கேபி ட்ரைவ். 1.2 எம்பி என்றால் எஃப்டி-55ஜிஎஃப்ஆர் என்று இருக்க வேண்டும். 360 ட்ரைவ் 40 தடம், நிமிடத்துக்கு 300 சுற்று. 1.2 ட்ரைவ் 80 தடம், 360 சுற்று. 1.2 ட்ரைவ் 360 பிளொப்பியை வாசிக்கும், ஆனால் 360 ட்ரைவ் 1.2 பிளொப்பியை ஒருநாளும் வாசிக்காது. வீடியோவில் அவன் போட்டுக் காட்டிய பிளொப்பியைத் திரும்பப் பார்த்தால் நடுத்துளையைச் சுற்றி வலுவுக்கு ஒட்டிய வளையம் தெரிகிறது. 360 பிளொப்பிகளில்தான் அது அநேகமாக இருக்கும். தெரிந்தே எடுத்த வீடியோ.

றாம் மட்டும் சொன்னபடி 16 எம்பி வந்தது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும் போல.

போன் எடுத்தால் பதில்கள் இப்படி வந்தன. சுவிட்ச்: “பஸ் ஆட்டத்தில மாறியிருக்கும் அண்ணை.” ஸ்குரூ ட்ரைவரோடு ஏறி வந்த பஸ் போல. பச்சை பிடித்த மூலை: “அது உங்கட ஊர் உப்புக்காத்து.” விசர்க் கதை. உப்புக்காற்று பட்டால் பெட்டியின் தகடு, ஸ்குரூ, கார்ட்களின் இரும்புப் பட்டி என்று எல்லாம் ஒரே சீராகத் துருப்பிடிக்கும், பற்றரியைச் சுற்றி இரண்டு அங்குலத்தில் மட்டும் நிற்காது. பார்சல் பிரித்த அன்றைக்கே ஊர்க் காற்று அப்படி வேலை செய்யுமோ? சிபியு: “நானும் ஒரு ஆளிட்டத்தான் வாங்கினனான், எனக்கென்ன தெரியும்.” பயோஸ் வரியின் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். அதற்கு: “முப்பது வருசப் பழைய சாமானுக்கு வாரண்டி கேக்கிறியளோ?” வாரண்டி யார் கேட்டது? காட்டின சாமானைத்தான் கேட்டது. “சரி அண்ணை, திருப்பி அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்” என்றான். காசைப் பற்றிக் கேட்டதும் மெசேஜில் நீலக் கோடு விழுந்ததோடு சரி. பிறகு அந்த இலக்கத்துக்கு ஒன்றுமே போகவில்லை.

விளம்பரத் தளத்துக்கு முறைப்பாடு அனுப்பினால் முதலில் இயந்திரம் எழுதிய பதில். பிறகு ஒரு ஆள், தாங்கள் விளம்பரத்துக்கு இடம் கொடுப்பது மட்டும்தானாம், கொடுக்கல் வாங்கலுக்குப் பொறுப்பில்லையாம். அதையாவது விளங்கிக்கொள்ளலாம். ஆனால் பொய் என்று படத்தோடு காட்டின பிறகும் அதே விளம்பரம், அதே படத்தோடு இப்போதும் அங்கே கிடக்கிறது. விலை இப்போது 95,000. 92,500 போதாது போல.

வரிசையாக எழுதுகிறேன் என்றேன். இப்போது பொறுமை இல்லை, அவசரமானதை மட்டும் பிடியுங்கள்.

சிபியுவில் ஹீட் சிங்க் ஒட்டியிருந்தால் கழற்றின படம் வராமல் 66க்குரிய விலை கொடுக்க வேண்டாம். போட்டின் இரண்டு பக்கமும் படம் கேளுங்கள், மேற்பக்கம் மட்டும் போதாது.

வீடியோ கேட்டால் வெட்டாமல் ஒரே ஓட்டமாகக் கேளுங்கள்: பின்பக்கச் சிவப்புச் சுவிட்ச், ஓன் பண்ணுவது, போஸ் (Pause) கீ அடித்து நிறுத்திய பயோஸ் வரி, பிறகு மூடியைத் திறந்து அதே போட். அன்றைய திகதி எழுதிய துண்டு பக்கத்தில் கிடக்கட்டும்.

பிளொப்பி ட்ரைவை முகப்பை வைத்து வாங்காதீர்கள், லேபல் எண்ணைக் கேளுங்கள்.

சாமான் கைக்கு வந்ததும் செருக வேண்டாம். சுவிட்சைப் பாருங்கள். பவர் சப்ளையிலிருந்து மதர்போட்டுக்கு வருகிற இரண்டு பிளக்கிலும் கறுப்பு வயர்கள் நடுவில் சேர வேண்டும், மாற்றிக் குத்தினால் போட் போய்விடும். பற்றரி இருந்தால் அன்றைக்கே வெட்டி எடுங்கள்.

முழுக் காசையும் முன்னுக்குப் போடாதீர்கள். கொழும்பில் ஒரு சொந்தக்காரர் இருந்தால் அவரை நேரே அனுப்புங்கள்.

மிச்சம் பிறகு. பொலிஸில் கொடுப்பதற்கு வங்கித் துண்டுகளைப் போட்டோக்கொப்பி எடுக்க வேண்டும். 45,000 ஒன்று, 47,500 ஒன்று.