தபால்காரர் வீட்டுக்கே வந்து எடுக்கும் லைஃப் சர்டிபிகேட்: மூன்று வருட அனுபவம்

எங்கள் வீட்டுக்கு இரண்டு ராணுவக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. ஒன்று அத்தைக்கு. மாமா 1963ல், சீனச் சண்டைக்குப் பிறகு படையைப் பெருக்கிய நேரத்தில் சேர்ந்தவர். சர்வீஸ் முடித்து ஊர் திரும்பி, வயதாகித்தான் காலமானார். இன்னொன்று எனக்கு. என் வீட்டுக்காரர் பீரங்கிப் படை. 1999 ஜூன், கார்கில் சண்டையில், திராஸில் போய்விட்டார்.

வருடா வருடம் நாங்கள் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால்தான் பணம் தொடர்ந்து வரும். அத்தைக்கு 81 வயது. இடுப்பெலும்பு முறிந்ததிலிருந்து கட்டிலை விட்டு இறங்குவதில்லை. மூன்று வருடமாக இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கியின் வீட்டு வாசல் சேவையில்தான் இருவருக்கும் சான்று எடுக்கிறோம். அந்த வங்கியில் கணக்கு வேண்டியதில்லை. ஒரு சான்றுக்கு 70 ரூபாய், இரண்டு பேருக்கு 140. தபால் துறையின் செயலியில் பதியலாம். நான் எங்கள் தெருவுக்கு வரும் தபால்காரத் தம்பியிடம் வாயால் சொல்வதோடு சரி.

அதற்கு முந்தைய வருடம் பட்டதைச் சொன்னால்தான் இதன் அருமை புரியும். டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனேன். குடும்ப ஓய்வூதியக்காரர்களுக்கு அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி வரும்: மறுமணம் ஆகியிருக்கிறதா? அங்கே இருந்தவர் பத்துப் பேர் காத்திருக்கும் இடத்தில் சத்தமாகக் கேட்டார். 24 வயதில் தாலியை இழந்தவள் நான். அன்றைக்கு எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதோடு, ஓய்வூதியம் வழங்குவது யார் என்று கேட்கும் இடத்தில் ஸ்பர்ஷ் (ராணுவ ஓய்வூதியத்தை வழங்கும் இணைய அமைப்பு) என்பதற்குப் பதில் வங்கியின் பெயரைத் தட்டிவிட்டார். சான்று போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. இரண்டு மாதம் பணம் நின்றது. நிலுவை பிறகு வந்தது என்றாலும் அந்த இரண்டு மாதம் அத்தையின் மாத்திரைக்குக் கடன் வாங்கினேன்.

தபால்காரத் தம்பி அந்தக் கேள்வி வந்ததும் போனை என் பக்கம் திருப்பி, "அம்மா, இதை நீங்களே பாத்து சொல்லுங்க" என்றார். வாசல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இதற்காகவே இந்தச் சேவைக்கு ஐந்து நட்சத்திரம் கொடுப்பேன்.

1999ல் மத்திய அரசின் கருணைத் தொகை 10 லட்சம் வந்தது. வீட்டுக் கடன், நாத்தனார் கல்யாணம், கைமாற்று என்று கேட்ட உறவுக்காரர்கள். நாலே வருடத்தில் கரைந்துபோனது. எங்களைத் தாங்கியது மாதாமாதம் வந்த பணம்தான். போரில் இறந்தவர் மனைவிக்கு அவர் கடைசியாக வாங்கிய சம்பளம் முழுதும் ஓய்வூதியமாக வரும்; அத்தை வாங்கும் சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் 30 சதவீதம். அந்தப் பணத்தில்தான் என் மகள் நர்சிங் படித்தாள். இப்போது என் தங்கை மகன் அக்னிவீராகப் போயிருக்கிறான். அவனுக்கு ஏதாவது ஆனால் காப்பீடு 48 லட்சம், பணியில் இறந்ததற்கு 44 லட்சம், பாக்கி மாதங்களின் சம்பளம் என்கிறார்கள். குடும்ப ஓய்வூதியம் கிடையாது. தொகை பெரிதுதான். ஆனால் என் 10 லட்சம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியும். நாலு வருட ஒப்பந்தம் என்றாலும் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் மாதாமாதம் வரவேண்டும்.

எங்கள் பக்கம் வேலூர் ஜில்லா. பட்டாளத்துக்கு ஆள் தேடி ஊருக்குள்ளேயே வருவார்கள். 1928ல் கலைத்துவிட்ட மதராஸ் ரெஜிமெண்டை, சண்டைக்கு ஆள் வேண்டும் என்றதும் 1941ல் மறுபடி எழுப்பினார்கள். அத்தையின் அப்பாவை மறு வருடம் மார்பளவு பார்த்துக் கூட்டிப்போனார்களாம். அவர் பர்மா பக்கம் இருந்தபோது, சம்பளத்தில் வீட்டுப் பங்கு மணியார்டராக வரும். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து எண்ணிக் கொடுப்பார், அத்தையின் அம்மா கைநாட்டு வைப்பாராம். ஆள் எடுக்க வீடு தேடி வந்தவர்கள், அந்த வீட்டுப் பெண்ணுக்குச் சேரவேண்டியதையும் வீடு தேடிக் கொடுக்கவேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். நடுவில் எத்தனையோ வருடம் நாங்கள்தான் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம்.

வரச் சொல்கிறவர்கள் ஆதார், பி.பி.ஓ. எண் (ஓய்வூதிய ஆணை எண்), வங்கிப் பாஸ்புக், ஆதாரில் இணைத்த போன் எல்லாம் கையருகே வைத்துக்கொள்ளுங்கள். போனுக்கு ஓ.டி.பி. வரும். ஸ்பர்ஷில் இருப்பவர்கள், ஓய்வூதியம் வழங்கும் இடத்தில் ஸ்பர்ஷ் என்று இருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். வங்கியின் பெயர் இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். முடிந்ததும் பிரமாண் எண் என்று அந்தச் சான்றின் அடையாள எண் குறுஞ்செய்தியாக வரும், அதை அழிக்காதீர்கள். எங்கள் தெருவில் சிக்னல் சரியில்லை, அதனால் மாடிப்படி ஓரம் நின்று அனுப்ப வேண்டியிருந்தது.

ஐம்பது வருடம் களை பறித்த கை. அத்தைக்குப் பத்து விரலிலும் ரேகை தேய்ந்துவிட்டது. கருவி எதையும் ஏற்கவில்லை. முதல் வருடமே தம்பி முக அடையாளத்துக்கு மாற்றிவிட்டார். "பாட்டி, கேமராவப் பாத்துக் கண்ணச் சிமிட்டுங்க" என்றதும், கொஞ்சம் இருக்கச் சொல்லி, ஈரத்துணி கேட்டு முகம் துடைத்து, திருநீறு இட்டுக்கொண்ட பிறகுதான் சிமிட்டினார்.

இந்த நவம்பரிலும் தம்பி பையைத் திறந்ததும் அத்தை கட்டைவிரலைத்தான் முதலில் நீட்டினார்.