மைதானத்தில் கோடு போடும் வண்டி: இரண்டு வருடம் ஓட்டிய பிறகு

கோவில்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்து மேல்நிலைப் பள்ளியில் 19 வருடமாக உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். முந்தின வருடம் தை மாதம், திருப்பூரில் வேலை பார்க்கும் எங்கள் பழைய மாணவர்கள் சிலர் போன் செய்து, "டீச்சர், கிரவுண்டுக்கு என்ன வேணும், சொல்லுங்க" என்றார்கள். பந்தோ ஜெர்சியோ கேட்பேன் என்று நினைத்திருப்பார்கள். நான் மார்க்கிங் வண்டி கேட்டேன். மதுரையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் 6,800 ரூபாய் கொடுத்து வாங்கி, பஸ்ஸில் போட்டு அனுப்பினார்கள். அதன் பிறகு இரண்டு விளையாட்டு விழா, நடுவில் ஒரு குறுவட்டப் போட்டி (சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்து மோதுவது). இப்போது அதைப் பற்றித் தெளிவாகச் சொல்ல முடியும்.

வண்டி என்றால் பெரிதாக எதுவும் இல்லை. தகரப் பெட்டி, நான்கு சின்ன ரப்பர் சக்கரம், தள்ளுவதற்கு ஒரு கைப்பிடி. பெட்டியில் 20 கிலோ பொடி பிடிக்கும். அடியில் 5 சென்டிமீட்டர் அகலத்துக்கு ஒரு வாய். உள்ளே ஒரு உருளை பிரஷ். சக்கரம் சுற்றினால் அதுவும் சுற்றிப் பொடியைத் தள்ளும். கைப்பிடியில் இருக்கும் லீவரை இழுத்தால் வாய் திறக்கும், விட்டால் மூடிவிடும். மின்சாரம், பெட்ரோல் எதுவும் வேண்டாம். வாயின் இரண்டு பக்கமும் தரை வரை தொங்கும் ரப்பர் தட்டி இருக்கிறது. எங்கள் ஊருக்கு அது மிக முக்கியம். கயத்தாறு காற்றாலைகளைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. குறுவட்டப் போட்டி நடக்கிற ஆடி மாதத்தில் டப்பாவால் தூவினால் பாதிப் பொடி பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும்.

இதற்கு முன்னால் எப்படிப் போட்டோம் என்று சொன்னால்தான் இதன் அருமை புரியும். பால்மாவு டப்பாவின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டுத் தூவினோம். அப்புறம் இரண்டு மரச்சட்டத்தை 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு அறைந்து, அதைத் தரையில் வைத்து நடுவில் பொடி போட்டு நகர்த்தினோம். இவை இரண்டையும் விட நன்றாக வந்தது எங்கள் சத்துணவு அக்கா கையால் போட்ட கோடுதான். நாற்பது வருடம் வாசலில் கோலம் போட்ட கை. கயிற்றைப் பிடித்துக்கொண்டே போவார், விரலிடுக்கிலிருந்து ஒரே அளவாக விழும். ஆனால் ஆறு லேன் உள்ள 200 மீட்டர் டிராக்குக்கு ஏழு கோடு வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல். அத்தனை தூரம் குனிந்தே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் ஒரு தடவைகூட முடியாது என்று சொன்னதில்லை, அதனால்தான் இன்னும் சங்கடமாக இருந்தது.

இப்போது அதே டிராக்கை மூன்று பேர் ஒரு காலையில் முடிக்கிறோம். ஆறு மணிக்கு ஆரம்பித்தால் முதல் மணி அடிப்பதற்குள் கடைசிக் கோடு விழுந்துவிடும். முன்பு எட்டுப் பேருக்கு இரண்டு நாள் ஆனது. கோடு முனையிலிருந்து முனை வரை ஒரே அகலம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள்கூடத் தள்ளிப் பழகிவிட்டார்கள். போன வருடம் ஒரு பெண் பின்னாலேயே நடந்து வந்து, "டீச்சர், கோடு கோணுது, கோணுது" என்று கத்திக்கொண்டே வழி காட்டினாள். அந்தக் கோடுதான் ஏழிலும் நேரானது.

வண்டியில் குறை உண்டு. நான்கு சக்கரமும் திரும்பாத சக்கரம். நேர்க்கோட்டுக்கு அதுவே நல்லது, ஆனால் வளைவில் வண்டி முரண்டு பிடிக்கும். தள்ளத் தள்ள வெளிப்பக்கம் போகும். கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தி, முன் சக்கரங்களைத் தூக்கி, பின் சக்கரத்தில் மட்டும் ஓட்டினால் வளைவு ஒழுங்காக வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மூட்டைப் பொடி ஆயிற்று. கைப்பிடியின் உயரம் குறைவு, உயரமானவர்களுக்கு இடுப்பு வலிக்கும். எங்கள் ஊர் வெல்டிங் பட்டறையில் 200 ரூபாய் கொடுத்து ஒரு அடி நீட்டிக்கொண்டேன். பிரஷ்ஷை அச்சோடு இறுக்குகிற திருகாணி இரண்டாவது நாளே கழன்றது. சக்கரம் ஓடுகிறது, பிரஷ் சுற்றவில்லை, பொடி விழவில்லை. வாங்கினவுடன் அந்தத் திருகாணியைக் கழற்றி, ஒரு ஸ்பிரிங் வாஷர் போட்டு முடுக்கிவிடுங்கள். செய்தவர்கள் பத்து ரூபாய் கூடச் செலவழித்திருந்தால் வாங்குகிறவருக்கு இந்த வேலை இருக்காது. பெட்டியில் கம்பெனி பெயர்கூட இல்லை, யாரிடம் போய்ச் சொல்வது என்றும் தெரியவில்லை.

பெட்டிக்குள் என்ன போடுகிறோம் என்பதுதான் எனக்கு எல்லாவற்றையும் விட முக்கியம். தயவுசெய்து சுண்ணாம்பு போடாதீர்கள். நீர்த்த சுண்ணாம்பு மலிவு, பளிச்சென்று தெரியும், எல்லாக் கடையிலும் கிடைக்கும் என்று பல பள்ளிகளில் இன்னும் அதைத்தான் தூவுகிறார்கள். நானும் தூவினேன். ஏழு வருடத்துக்கு முன்னால் ஒரு தொடர் ஓட்டத்தில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தடுக்கி, முகம் குப்புறக் கோட்டின் மேல் விழுந்தான். வியர்த்த முகம், கண்ணைக் கசக்கிவிட்டான். சுண்ணாம்பு ஈரம் பட்டால் கடுமையான காரம், கண்ணைப் பொசுக்கும். யாரோ எண்ணெய் விடச் சொன்னார்கள், யாரோ பால் விடச் சொன்னார்கள். நல்லவேளை, குழாயடிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி, இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு இருபது நிமிடம் தண்ணீர் விட்டோம். அப்புறம் மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். தண்ணீர் விட்டதால்தான் தப்பித்தது என்றார் டாக்டர். பார்வைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மூன்று வாரம் அவன் வெயிலைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டே பள்ளிக்கு வந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றோடு சுண்ணாம்பை நிறுத்தினேன். பிளீச்சிங் பவுடரைக் கலப்பவர்களும் இருக்கிறார்கள். அதுவும் வேண்டாம், கண்ணுக்கும் மூச்சுக்கும் கெடுதல்.

கோலமாவு விற்கிறவர்களிடம் மூட்டையாகக் கிடைக்கும் வெள்ளைக் கல் மாவு போதும். சுண்ணாம்புக் கல்லை அரைத்ததுதான், ஆனால் சூளையில் சுடாதது. அதனால் காரம் கிடையாது. விழுந்தால் தூசிதான், துடைத்துவிட்டு எழுந்து ஓடலாம். எங்கள் டிராக்குக்கு 25 கிலோ மூட்டை மூன்று தேவைப்படுகிறது. ரொம்ப நைசாக அரைத்த மாவு வாயில் அடைத்துக்கொள்ளும், கொஞ்சம் நறநறப்பாக இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். பனி விழுகிற காலையில் மூட்டையைத் திறந்து வைத்தால் ஈரம் கோத்துக் கட்டியாகிவிடும். முந்தின நாள் வெயிலில் காயவைத்து, சல்லடையில் சலித்து, மூடி வைக்கிறோம். புல் தரை உள்ள பள்ளிகளுக்கு இந்த வண்டியை நான் சொல்ல மாட்டேன். புல்லில் பொடி நிற்காது, தண்ணீரில் கரைத்த வெள்ளை எமல்ஷனைத் தெளிக்கிற வண்டி வேண்டும். இது மண் தரைக்கானது.

மண் தரை என்று சொன்னேன், அதற்கு முன்வேலை இருக்கிறது. வண்டி நன்றாக ஓட வேண்டும் என்றால் கோடு போடும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே ஆரம்பிக்க வேண்டும். எங்களுடையது கரிசல். ஐப்பசி, கார்த்திகை மழையில் களியாகிவிடும். அப்போது மைதானத்தில் பைக்கைக்கூட விடமாட்டேன், ஏனென்றால் அந்தத் தடம் காய்ந்து கல்லாகி, தை மாதம் பிள்ளைகளின் கணுக்காலைப் பிசக வைக்கும். மழை முடிந்து மஞ்சள் பூ தெரிகிறபோதே நெருஞ்சியை வேரோடு பிடுங்குகிறோம். காய் பழுத்து உதிர்ந்துவிட்டால் அந்த முள்ளைப் பொறுக்கவே முடியாது. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வெறுங்காலில் ஓடுகிறவர்கள். மற்றதெல்லாம் இரண்டாவது, முதலில் நெருஞ்சி.

பொங்கல் விடுமுறை முடிந்ததும் டிராக்டரில் பிளேடு மாட்டி மேட்டைச் சீவிப் பள்ளத்தை நிரப்புவோம். டிராக்டர் ஓட்டுகிற அண்ணன் எங்கள் பள்ளி மாணவியின் அப்பா, டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிறார். கரிசல் காயக் காய வெடிக்கும். வெடிப்பில் செம்மண் சரளையைப் போட்டு இடித்து, சாயங்காலம் டேங்கர் தண்ணீர் தெளித்து, மறுநாள் காலை இரும்பு ரோலரை இழுக்கிறோம். பதம் பார்ப்பது இப்படித்தான்: ஒரு பிடி மண்ணை அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் ஒட்டக் கூடாது. ஒட்டினால் ரோலரே மண்ணைத் தூக்கிக்கொண்டு வரும். இந்த வண்டியின் சின்னச் சக்கரத்துக்கும் அதே கதிதான். முதல் வருடம் அவசரப்பட்டு ஈரத்தில் ஓட்டி, சக்கரத்தில் அப்பிய களியைச் சுரண்டவே ஒரு மணி நேரம் ஆயிற்று.

அளவு தப்பாக இருந்தால் வண்டி அழகான தப்பான கோட்டைத்தான் போடும். நான் வைத்திருக்கும் கணக்கு இது: நேர்ப்பகுதி 40 மீட்டர், வளைவின் ஆரம் 18.90 மீட்டர். உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி ஓடுவதாக வைத்து அளந்தால் சரியாக 200 மீட்டர் வரும். லேன் அகலம் 1.22 மீட்டர். முதலில் 40-க்கு 37.80 என்று நான்கு முளை அடித்துச் செவ்வகம் போடுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 55 மீட்டர் 3 சென்டிமீட்டர் வந்தால் மூலை சரி. வளைவுக்கு நைலான் கயிறு வேண்டாம், இழுத்தால் நீளும். 37.80 மீட்டர் பக்கத்தின் நடுவில் ஒரு முளை அடித்து, அதில் கட்டுக்கம்பியை மாட்டி, நுனியில் ஆணி கட்டி, முதலில் தரையில் கீறிக்கொண்டு, அந்தக் கீறல் மேல் வண்டியை ஓட்டுகிறோம். 200 மீட்டர் ஓட்டத்துக்கு ஒவ்வொரு லேனும் அதற்கு உள்பக்கம் இருக்கும் லேனை விட 7.67 மீட்டர் முன்னால் தொடங்க வேண்டும், ஆறாவது லேன் முதல் லேனை விட 38.33 மீட்டர். இதை அந்தந்த லேனின் உள்கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளித்தான் அளக்க வேண்டும். இங்கே தவறினால் ஒரு பிள்ளை கூடுதலாக ஓடியதே தெரியாமல் தோற்றுப்போவாள். அதனால் நான் இரண்டு பேரைத் தனித்தனியாக அளக்கவிட்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். குண்டு எறிதல் பகுதிக்கும் இதே வண்டிதான். வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீட்டரில் இரண்டு கோட்டுக்கும் இடையே 12 மீட்டர் வருகிற மாதிரி முளை அடித்தால் கோணம் தானாகச் சரியாகிவிடும். கோணமானி தேட வேண்டாம்.

கபடி, கோ-கோ களங்களுக்கு வண்டி கொஞ்சம் பெரிது. 12-க்கு 8 மீட்டர் கபடிக் களத்தில் மூலைக்கு மூலை தூக்கித் திருப்ப வேண்டியிருக்கிறது. அதற்கு இன்னும் சத்துணவு அக்காவையே கூப்பிடுகிறேன், சின்னக் களம் என்பதால் அவருக்கும் சந்தோஷம்.

யார் வாங்கலாம்? வருடத்துக்கு ஒரு தடவை 100 மீட்டருக்கு நான்கு கோடு போடுகிற சின்னப் பள்ளிக்குத் தேவையில்லை, மரச்சட்டமே போதும். முழு டிராக் போடுகிறவர்கள், குறுவட்டம் நடத்துகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம். பக்கத்துப் பள்ளிகள் மூன்று சேர்ந்து ஒன்று வாங்கினாலும் நடக்கும், ஒரே வாரத்தில் விழா வைக்காமல் இருந்தால் சரி. கடையில் வாங்கும்போது பெட்டியில் ஒரு கைப்பிடிப் பொடி போட்டு அங்கேயே பத்தடி தள்ளிப் பாருங்கள். லீவரை விட்ட பிறகும் பொடி ஒழுகினால் வேறு வண்டி கேளுங்கள். மாற்று பிரஷ் ஒன்றையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். எனக்கு இரண்டாவது விழாவிலேயே பிரஷ் தேய்ந்துவிட்டது, அதற்காக மறுபடி மதுரைக்குப் போக வேண்டியிருந்தது.

வேலை முடிந்ததும் மிச்சப் பொடியைக் கொட்டி, துணியால் துடைத்து, அச்சில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, பெட்டியைக் கவிழ்த்து வைக்கிறோம். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது, தகரம் துருப்பிடிக்கும். எங்கள் வண்டியில் இதுவரை ஒரு துருப்புள்ளி இல்லை. இந்தத் தை மாதம் மூன்றாவது விழாவுக்காக வெளியே எடுக்கப் போகிறேன். கல் மாவு நான்கு மூட்டை சொல்லிவிட்டேன், நெருஞ்சி பிடுங்குவது வரும் சனிக்கிழமை.