அம்மாவுக்குச் சந்திரனைப் பார்ப்பதா, நாலாம் இடத்தைப் பார்ப்பதா?

ஜாதகத்தைக் காட்டி அம்மாவைப் பற்றிக் கேட்டால் ஜோசியர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு கட்சி நேராகச் சந்திரனிடம் போகும். தாயைக் குறிக்கும் மாத்ருகாரகன், மனசைக் குறிக்கும் மனோகாரகன் இரண்டும் அவர்தான், அவர் கெட்டால் தாயும் கெட்டது மனசும் கெட்டது என்று பேச்சை முடித்துவிடும். இன்னொரு கட்சி, பிறந்த நேரத்தில் கிழக்கில் உதிக்கும் ராசியான லக்னத்திலிருந்து தாய்க்குரிய நாலாம் இடம் வரை எண்ணி, அங்கே யார் உட்கார்ந்திருக்கிறார், அந்த ராசிக்கு அதிபதியான வீட்டுக்காரர் எங்கே போயிருக்கிறார் என்று தேடும். இரண்டுக்குமே நூல் ஆதாரம் உண்டு. ஆனால் இரண்டும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. என் வீட்டு ஜாதகங்கள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் எனக்கே அது பிடிபட்டது.

முதலில் என்னுடையது. வைகாசி விசாகத்துக்கு மறுநாள் நண்பகலில் பிறந்தேன். சிம்ம லக்னம், அனுஷ நட்சத்திரம், அதாவது நாலாம் இடமான விருச்சிகத்திலேயே சந்திரன் நீசம், பலம் குறைந்த நிலை. ஜாதகம் எழுதியவர் இதைப் பார்த்ததும் "தாய்க்கு ஆகாத பொண்ணு" என்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியை ஆச்சி பல வருஷம் சுமந்தாள். அம்மாவுக்குத் தலைவலி என்றால்கூட ஆச்சியின் பார்வை என் பக்கம் திரும்பும். அம்மா மட்டும் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். நீசம் ஒன்று, "காரகோ பாவ நாஸ்தி" இன்னொன்று. தாய்க்குரிய கிரகம் தாய் ஸ்தானத்திலேயே இருந்தால் அந்த பாவம் கெடும் என்பார்கள். ஆனால் அதே நாலாம் இடத்தில்தான் சந்திரனுக்குத் திக்பலமும், அதாவது நிற்கும் திசையால் வரும் பலமும் கிடைக்கிறது, அதை ஏன் விட்டார்? பௌர்ணமியை ஒட்டிப் பிறந்ததால் பிறையின் அளவால் வரும் பட்ச பலமும் நிறைவு. நீசம் மிகக் கடுமையாகும் பரம நீசம் என்பது விருச்சிகத்தில் 3 பாகையில், விசாகம் 4ஆம் பாதத்தில். அனுஷம் அதைத் தாண்டியாயிற்று. வீட்டுக்காரரான செவ்வாய் ஏழில், லக்னத்துக்கும் கேந்திரம் (1, 4, 7, 10ஆம் இடங்களில் ஒன்று) சந்திரனுக்கும் கேந்திரம், ஆக நீசத்தை நீக்கும் நீசபங்கம். இத்தனையும் ஒரே கட்டத்தில் கண்ணுக்கு எதிரே இருக்க, ஒரு சொல்லை மட்டும் எடுத்து ஒரு தாய்க்கும் மகளுக்கும் நடுவில் போட்டுவிட்டார். எனக்கு இதில் இன்னும் கோபம் உண்டு.

சரி, தம்பிக்கு வருவோம். அவனுக்குச் சந்திரன் ரிஷபத்தில், ரோகிணி, நீசத்துக்கு நேர் எதிரான உச்சம். கேட்டவர்கள் எல்லாம் "தாயார் கொண்டாடும் பிள்ளை" என்றார்கள். ஆனால் அவனுக்கு நாலில் கேது, நாலாம் அதிபதி எட்டில், இரண்டும் நாலாம் இடத்துக்குக் குறை. நடந்தது என்னவென்றால், ஆறாம் வகுப்பிலிருந்து அவன் படித்ததெல்லாம் விடுதியில், வேலை வெளியூரில், அம்மாவோடு ஒரே கூரையின் கீழ் அவன் இருந்த வருஷங்களை எண்ணினால் என்னுடையதில் பாதிகூட வராது. அப்படியும் அம்மா என்றாலே அவன் முகம் மலர்ந்துவிடும். நான் கல்யாணம் வரைக்கும் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தவள், அவள் என்னைப் பிடிக்காமல்தான் வளர்க்கிறாளோ என்று பாதி ராத்திரியில் நினைத்து அழுததும் உண்டு.

ஒரு காட்சி சொல்கிறேன். அம்மா வேலைக்குப் போய் வந்தவள், சாயங்காலம் வந்ததும் அடுப்படி. நாங்கள் பிந்தி வீடு திரும்பினால் ஏன் எங்கே என்று கேட்க மாட்டாள். தட்டை எடுத்து வைத்து, சோறு போட்டு, ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவாள். அந்த மௌனம் எனக்குக் கோபமாகக் கேட்கும், தொண்டையில் சோறு இறங்காது. விடுமுறைக்கு வந்த தம்பி அதே மௌனத்தில் அதே தட்டில் சாப்பிட்டுவிட்டு, "எவ்வளவு நேரமானாலும் அம்மா ரசத்தைச் சூடாவே வச்சிருப்பாக்கா" என்பான். ஒரே அம்மா, ஒரே ரசம்.

ஆகவே என் கணக்கு இது: அம்மா எப்படி வாழ்ந்தாள், உடம்பு எப்படி, அவளோடு எத்தனை காலம் சேர்ந்திருக்க வாய்த்தது, வீடு நிலைத்ததா என்பதற்கு நாலாம் இடமும் அதன் அதிபதியும்தான் சரியான சாட்சி. அந்த அம்மாவைப் பிள்ளை மனசில் எப்படி வாங்கிக்கொண்டது என்பதற்குச் சந்திரன். அதனால் உணர்ச்சியைப் பற்றிய கேள்வி என்றால் நான் சந்திரனையே முதலில் எடுப்பேன்: வளர்பிறையா தேய்பிறையா, சனி சேர்ந்து மனசை இறுக்குகிறாரா, ராகு சேர்ந்து பதற வைக்கிறாரா, குரு பார்க்கிறாரா. தாயின் ஆரோக்கியத்தைக் கேட்டால் சந்திரனை மட்டும் வைத்து வாயே திறக்க மாட்டேன்.

மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார், அவரைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பழைய ஜோதிட நூலாசிரியர் வராகமிகிரர் பகலில் பிறந்தவர்களுக்குத் தாயைச் சுக்கிரனை வைத்தும், இரவில் பிறந்தவர்களுக்குச் சந்திரனை வைத்தும் பார்க்கச் சொல்கிறார். நான் பிறந்தது நண்பகல். சுக்கிரன் தொழிலைக் குறிக்கும் பத்தில், சொந்த வீடான ரிஷபத்தில் ஆட்சி. வேலை பார்த்துத் தன் காலில் நின்ற என் அம்மாவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. எனக்கு எழுதியவர் அந்தப் பக்கமே போகவில்லை.

மேல்நாட்டு முறையில் ராசி பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கேயும் சந்திரன்தான் தாயும் உணர்வும், ஆனால் ராசிச் சக்கரம் தொடங்கும் புள்ளியில் நம் கணக்குக்கும் அவர்கள் கணக்குக்கும் ஏறக்குறைய 24 பாகை வித்தியாசம், அதைத்தான் அயனாம்சம் என்பார்கள். அதில் பார்த்தால் என் சந்திரன் தனுசுக்கு நகர்ந்துவிடுகிறது, நீசம் என்ற பேச்சே இல்லை. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே ராசியை எடுத்து இங்கே பலனைப் படித்தால் இரண்டும் இல்லாமல் போகும்.

அப்புறம், தாயின் ஆயுளைப் பிள்ளையின் கட்டத்தில் தேடுவதற்கு முன்னால் தாயின் ஜாதகத்தை யாராவது எடுத்துப் பார்க்கலாம் இல்லையா? எங்கள் வீட்டில் யாரும் பார்க்கவில்லை. ஆச்சி போன பிறகு அவள் டிரங்குப் பெட்டியில், பழைய பத்திரங்களுக்கு நடுவில், மஞ்சள் தடவிய நோட்டு ஒன்றில் அது கிடைத்தது. லக்னாதிபதி ஆட்சி, எட்டில் சனி, தீர்க்காயுள் என்று பென்சிலில் எழுதியிருந்தது. அம்மாவுக்கு இப்போது 74. நேற்று ராத்திரி போன் பண்ணினாள், சாப்பிட்டாயா என்று கேட்டாள், ஆமாம் என்றேன், வைத்துவிட்டாள்.