நாலு வருடம் ஒரு 10-20 லென்ஸோடு

கிளிநொச்சிப் பக்கம் கலியாண வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுத்துத் திரிபவன் நான். ஏபிஎஸ்-சி என்ற சின்ன சென்சர் உள்ள கமராவுக்கு 10-20 மி.மீ. சூம் லென்ஸ் ஒன்றை நாலு வருடத்துக்கு முன் பழசாக வாங்கினேன்.

முதலில் இரணைமடுக் குளக்கட்டுக்குத்தான் கொண்டுபோனேன். 10இல், அதாவது ஆக அகலமாகக் காட்டும் முனையில் வைத்து, வானத்தைக் குறைத்துத் தண்ணீரை நிறைய விட்டு எடுத்தால் அக்கரை நடுவில் மேடு தட்டி நிற்கிறது. அதே கரையைப் படத்தின் நடுவுக்கு இறக்கினால் நேராகிவிடும். பீப்பாய் வளைவு என்பது இதுதான். 14க்கு வந்தால் கண்ணுக்கே தெரியாது. 10இல் வெறும் வளைவும் இல்லை, மீசை வளைவு: நடுவில் உப்பி, ஓரத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும். மென்பொருளில் ஒற்றை ஸ்லைடரை இழுத்தால் நடு நேராகி ஓரம் கோணும். அந்த லென்ஸின் வளைவுக்கென்றே மென்பொருளில் உள்ள திருத்தக் கணக்கை, அதாவது புரொஃபைலைப் போட்டால்தான் சரிவரும். மூலைகள் வெட்டுப்படும் என்பதால் கொஞ்சம் இடம் விட்டே எடுப்பேன்.

என்னை மாட்டிவிட்டது வேறொன்று. ஒரு கலியாணத்தில் பின்னுக்குப் போக இடமில்லை; இருபது பேரையும் 10இல் அடக்கினேன். ஓரத்தில் நின்ற மாமி அல்பத்தைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, என்னைப் பூசணிக்காயாக்கிப் போட்டீர்?" என்றார். புரொஃபைல் எல்லாம் போட்டுத்தான் கொடுத்திருந்தேன்! லென்ஸைத்தான் திட்டினேன். பாவம், அதில் பிழையில்லை. நேர்கோட்டை நேராகக் காட்டும் எந்த லென்ஸும் ஓரத்தில் இருப்பதை வெளிப்பக்கம் இழுக்கும். 10இல் பக்க ஓரத்தில் ஒரு பந்தை வைத்தால், உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமாகத் தெரியும். 20இல் அகலம் உயரத்தைவிட ஆறில் ஒரு பங்குதான் கூடும். பீப்பாயை நிமிர்த்த நிமிர்த்த ஓரம் இன்னும் இழுபடும். விலை கூடின லென்ஸுக்கும் இதேதான்.

வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் சனநெரிசலில் இதைவிட உதவியான லென்ஸ் என்னிடம் இல்லை. பானையையும் முகங்களையும் நடுவில் வைத்து, ஓரத்தைப் புகைமூட்டத்துக்கும் மரங்களுக்கும் விட்டுவிடுவேன். கமராவை அண்ணாத்திப் பிடித்தால் தூண்கள் உள்நோக்கிச் சாயும், அதையும் லென்ஸின் தலையில் கட்டக்கூடாது.

குடும்பப் படத்துக்கு இப்போது வாசலுக்கு வெளியே போயாவது 20இல்தான். கிரவல் ரோட்டுத் தூசியோ என்னவோ, சூம் வளையம் இளகிவிட்டது. கட்டிடம், குளக்கட்டு எடுக்கும் நாட்களில் 14இல் நிறுத்தி ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுகிறேன்.