பால் நிலையத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைக்கு ஒரு அட்டை: ட்ரெலோவோடு நாலு வருடம்

கிளிநொச்சியில் ஒரு சிறிய பால் சேகரிப்பு நிறுவனத்தில் ஆட்களைச் சேர்ப்பதும் பழக்குவதும் என் வேலை. பரந்தன், அக்கராயன், மாங்குளம், ஒட்டுசுட்டான் என்று எங்கள் நிலையங்கள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. ஒரு நிலையத்தில் ஒருவர், மிஞ்சினால் இருவர். சேர்கிறவர்கள் பெரும்பாலும் உயர்தரம் எழுதிவிட்டு வரும் பிள்ளைகள். இங்கே கையெழுத்து வைத்த அடுத்த கிழமையே விடிகாலையில் தனியாக நிலையத்தைத் திறக்க வேண்டியிருக்கும். அவர்களைப் பழக்க, வேலைகளை அட்டை அட்டையாக ஒரு பலகையில் அடுக்கி வைக்கும் செயலியான ட்ரெலோவை 2021 முதல் பயன்படுத்துகிறோம்.

அதற்கு முன் எல்லாம் போனில் ஒரு குழுவில்தான் நடந்தது. 2020 கடைசியில் ஒட்டுசுட்டான் பக்கம் புதிதாகப் போன ஒரு தம்பி, கறந்த சூடு ஆறாத பாலில், பாலின் அடர்த்தியை அளக்கும் கருவியான லக்டோமீற்றரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். சூடான பாலில் கருவி கூடத் தாழ்ந்து அளவைக் குறைத்துக் காட்டும். அளவு குறைந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம் என்று சொல்லிக் கொடுத்திருந்தோம், சூட்டைப் பற்றிச் சொல்லவில்லை. இரண்டு மாட்டை வைத்துப் பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஒரு அம்மாவின் பாலை அவர் திருப்பி அனுப்பிவிட்டார். "தம்பி, நான் தண்ணி கலக்கேல்லை" என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் முன்னால் அந்த அம்மா சொல்லிக்கொண்டு நின்றாராம். ஆறவிட்டு அளக்க வேண்டும் என்ற குறிப்பு குழுவில் இருந்தது. ஆனால் அது தம்பி சேர்வதற்கு முன் போட்டது, அவர் கண்ணில் படவே இல்லை. நான் வீடு தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, அன்றைய பாலுக்குக் காசும் கொடுத்துவிட்டு வந்தேன். தம்பி மேல் எனக்குக் கோபம் வரவில்லை. பழக்காமல் அனுப்பியது நாங்கள்.

முதலில் எடுத்த அரட்டை மென்பொருள் சரிவரவில்லை. கேள்வியும் பதிலும் ஆற்று வெள்ளம் போல ஓடிப்போய்விடும், இலவசத் திட்டத்தில் பழையவை மறைந்தும்விடும். அப்புறம்தான் ட்ரெலோ. சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு அட்டை. பலகையில் நாலு நிரல்: சேர முன், முதல் கிழமை, முதல் மாதம், தனியாக நிற்கலாம். மாதிரி அட்டை ஒன்று இருக்கிறது, புதியவர் வந்தால் அதைப் பிரதி எடுத்துப் பெயரை மாற்றினால் சரி. உள்ளே அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கணக்கு, ஊழியர் சேமலாப நிதிப் (EPF) படிவம் என்று சரிபார்ப்புப் பட்டியல். முதல் சம்பளத்தில் கழிவைப் பார்த்துவிட்டு முகம் வாடாத பிள்ளை இல்லை. அதனால் கணக்கையே எழுதி வைத்திருக்கிறோம்: 40,000 ரூபா சம்பளம் என்றால் சேமலாப நிதிக்கு உங்களிடமிருந்து 8 வீதம், 3,200. நாங்கள் போடுவது 12 வீதம், 4,800. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) 3 வீதம், 1,200, அதுவும் எங்களுடையது. இதை எழுதிய பிறகு "ஏன் வெட்டினீங்கள்" என்ற அழைப்பு அநேகமாக வருவதில்லை.

லக்டோமீற்றருக்கு மட்டும் தனிப் பட்டியல். பாலை ஆறவிடு. நுரை அடங்கட்டும். மெதுவாகக் கலக்கு. கருவி பாத்திரத்தின் பக்கத்தில் முட்டாமல் மிதக்க வேண்டும். குனிந்து, கண்ணைப் பால் மட்டத்துக்கு இறக்கி வாசி. வெப்பநிலையையும் கூடவே எழுது. பட்டியலில் இந்தச் சரி அடையாளங்களைப் புதியவர் தானே போட முடியாது. பக்கத்தில் நின்று பார்த்த மூத்தவர்தான் போட வேண்டும் என்பது எங்கள் விதி. அந்த அட்டையில் உள்ள படத்தில் பாத்திரத்தைப் பிடித்திருக்கும் கை, ஒட்டுசுட்டான் அம்மாவுடையது. கேட்டபோது "எடுங்கோ பிள்ளை" என்று கையை நீட்டினார்.

நான் எதிர்பார்க்காத நன்மை ஒன்று. குழுவில் கேள்வி கேட்க எங்கள் பிள்ளைகளுக்குக் கூச்சம். ஐம்பது பேர் பார்க்க "இது தெரியாதா" என்று ஆகிவிடுமோ என்ற பயம். தன் அட்டையில் கேட்கப் பயமில்லை, அங்கே வந்து பார்ப்பது பழக்குகிற அக்காவும் நானும்தான். அக்கராயனில் ஒரு பிள்ளை விடிய ஐந்து மணிக்கு எழுதியிருந்தாள்: "அக்கா, அரை லீற்றர் கொண்டு வந்தாலும் எழுதலாமா?" எழுதலாம். அந்தக் கேள்வி பெயரில்லாமல் இப்போது பொது அட்டையில் இருக்கிறது.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டு, பெற்றோலும் இல்லை. அந்த நேரம் சேர்ந்த இருவருக்கும் படிவ வேலை முழுவதும் அட்டையிலேயே முடிந்தது. சிக்னல் இல்லாத இடத்தில் போட்ட அடையாளம் போனிலேயே இருந்து, சிக்னல் வந்ததும் ஏறிவிடும். பால் அளப்பதை மட்டும் அட்டையால் பழக்க முடியவில்லை. அக்கராயன் அக்கா சைக்கிளில் போய்ப் பக்கத்தில் நின்று காட்டினார்.

தொல்லைகளும் உண்டு. எங்கள் பழைய வழிகாட்டிகள் எல்லாம் பாமினி என்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தன. போனில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியல், தேடினாலும் அகப்படாது. யூனிகோடுக்கு மாற்றி, பிழை பார்த்து முடிக்க இரண்டு சனி, ஞாயிறு போயின. இதைத் தள்ளிப்போடாதீர்கள், தேட முடியாத குறிப்பு இருந்தும் இல்லாததுதான். இலவசத் திட்டத்தில் ஒரு கோப்பு 10 எம்பிக்கு மேல் ஏறாது, ஆகவே காணொளிகள் கூகுள் டிரைவில், அட்டையில் இணைப்பு மட்டும். 2024 முதல் இலவசத் திட்டத்தில் ஒரு பணிவெளியில் (workspace) 10 பேர்தான். பழகி முடித்தவர்களை எடுத்துவிடுகிறோம். ஒரே நேரத்தில் புதியவர் மூன்று நாலு பேருக்கு மேல் இராததால் எங்களுக்குப் போதும், பெரிய நிறுவனத்துக்குப் போதாது.

இன்னும் சரிவராதது பால் ஏற்றும் தாங்கி வண்டியான பௌசரின் சாரதிகளுடைய விசயம். வயதானவர்களுக்குச் சின்னத் திரையில் தமிழ் தட்டச்சு செய்வது கஷ்டம். போன மாதத்திலிருந்து அவர்களுடைய அட்டைகளில் எழுத்துக்குப் பதிலாக ஒரு நிமிடக் குரல் பதிவுகளைப் போட்டு வருகிறேன். இதுவரை இருவர் கேட்டுவிட்டுத் தாங்களும் குரலிலேயே பதில் அனுப்பியிருக்கிறார்கள்.